வழியோரத்து மரணங்கள்

நெடுஞ்சாலைகள் இரண்டு கூடுகின்ற பெல்மதுளைச் சந்தியில் சற்றே நின்று நோக்குபவருக்கு, இவ்வழியே சென்றவர் யாவர், சென்று மீண்டவர் யாவர், மீளாது வழியிலேயே மாண்டவர் யாவர் என்னும் வினா எழுவது இயல்பு. கொழும்பிலிருந்து அவிசாவளை, இரத்தினபுரி வழியாக வந்து, பலாங்கொடை, ஹல்துமுல்லை, பெரகலை என மேலேறி, பின் வெல்லவாயாவுக்கு இறங்கிக் கீழ்க்கரையை நாடும் பெருஞ்சாலையும், இச்சந்தியிலேயே பிரிந்து காவத்தை வழியாக எம்பிலிப்பிட்டியை நோக்கித் தெற்கே செல்லும் சாலையும், மாணிக்கக் குழிகளையும் தேயிலைச் சரிவுகளையும் இறப்பர்த் தோட்டங்களையும் ஊடறுத்துச் செல்பவை. ஆண்டுதோறும் டிசம்பர் மாதத்து உந்துவப் போயா தினத்தையொட்டி, இவ்வூர்க் கல்பொத்தாவலை ரஜமகா விகாரையிலிருந்து சமன் தேவரின் திருவுருவமும் புனிதச் சின்னங்களும் சிவனொளிபாதமலையை நோக்கி ஊர்வலமாகப் புறப்படுவதும், வெசாக்கோடு யாத்திரைப் பருவம் முடிந்ததும் அவை இவ்விகாரைக்கே மீண்டு வருவதும் வழக்கம். போவதும் வருவதும் இவ்வாறு ஒழுங்காய் நிகழும் ஓர் ஊரிலிருந்து, போய் வராதவர்களைப் பற்றிய விசாரணையைத் தொடங்குவது பொருந்துமென்றே நினைக்கிறேன்.

இவ்விசாரணைக்குத் தூண்டுகோலானது அண்மைக் காலத்தில் உலகெங்கும் பரவியுள்ள ஒரு விநோத வழக்கம். 2000 ஆம் ஆண்டு மே மாதம் 2 ஆம் திகதி, செய்மதிகளைக் கொண்டு இடமறியும் ஜி.பி.எஸ். முறையில் தான் வேண்டுமென்றே கலந்து வைத்திருந்த பிழையை அமெரிக்க அரசாங்கம் நீக்கிற்று. அதுகாறும் நூறு மீற்றர் வரை தவறக்கூடியதாயிருந்த கருவி, அதன்பின் ஒரு வீட்டு முற்றத்தின் அளவுக்குள் இடத்தைச் சுட்டலாயிற்று. மறுநாளே ஒரெகன் மாநிலத்தில் டேவ் உல்மர் என்பவர், ஒரு வாளிக்குள் குறிப்பேடு, பென்சில், சில புத்தகங்கள், ஒரு கவண், தகரத்தில் அடைத்த அவரை முதலியவற்றை இட்டுச் சாலையோரக் காட்டில் வைத்து, அவ்விடத்தின் அட்சரேகை தீர்க்கரேகைகளை மட்டும் உலகுக்கு அறிவித்தார். கண்டெடுப்பவர் தம் பெயரையும் நாளையும் குறிப்பேட்டில் எழுதவேண்டும். ஒரு பொருளை எடுத்தால் வேறொன்றை வைத்துச் செல்லவேண்டும். ஜியோகேஷ் எனப் பெயர் பெற்ற பெட்டியைத் தேடும் இவ்விளையாட்டு விரைவில் வேறொரு பணியையும் மேற்கொண்டது. சரித்திர நிகழ்ச்சிகள் நடந்த இடங்களின் அருகே பெட்டியை வைத்து, தேடி வருபவனை அந்நிகழ்ச்சியின் முன் கொண்டுபோய் நிறுத்தும் வழக்கம் தோன்றிற்று. அவற்றுள்ளும், புகழ்பெற்ற பிரயாணி ஒருவன் காரணந் தெளியாது மாண்ட இடம் என்றால் அதற்குத் தனிக் கவர்ச்சி உண்டாயிற்று. அத்தகைய பெட்டி எதைக் கௌரவிக்கிறது, அம்மனிதனின் வாழ்வையா, சாவையா, சாவைச் சூழ்ந்த சந்தேகத்தையா என்பதே நாம் ஆராயப் புகும் பொருள்.

வழியில் மாண்டவனுக்கு வழியிலேயே அடையாளமிடுதல் தமிழருக்குப் புதியதன்று. கல்லைத் தேர்தல் முதல் நட்டு வாழ்த்துதல் ஈறாக நடுகல்லின் படிமுறைகளைத் தொல்காப்பியம் இலக்கணமாகவே வகுத்துரைக்கிறது. தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006 இல் கண்டெடுக்கப்பட்ட தமிழ்-பிராமி எழுத்துடைய நடுகற்கள் அம்மரபின் தொன்மைக்குக் கல்லிலேயே சான்றாயின. யாழ்ப்பாணத்துச் சாலைகளிலும் தமிழ்நாட்டு ஊர்களிலும் காணப்படும் சுமைதாங்கிக் கற்களோ, கருவுற்ற நிலையில் பிள்ளை பெறாமல் இறந்த பெண்ணின் நினைவாக நாட்டப்பட்டவை. அவள் இறக்கி வைக்க இயலாது போன சுமைக்கு ஈடாக, வழிப்போக்கர் தம் தலைச்சுமையை இறக்கி வைக்க உதவுபவை. இறந்தவரை நினைக்க வைப்பதோடு வழிச்செல்வோனுக்கு ஒரு காரியத்தையும் தருதல் என்னும் அளவில், சுமைதாங்கியும் ஜியோகேஷும் தூரத்து உறவினர் எனலாம். ஆயினும் ஒரு பேதம் உண்டு. நிரை மீட்டுப் பட்டான் என்றும், புலி குத்திப் பட்டான் என்றும் நடுகல் அறுதியிட்டுச் சொல்லும்; எவ்வாறு இறந்தானோ அறியோம் என்று பொறித்த நடுகல் ஒன்றை நான் கண்டதில்லை. சந்தேகத்தை ஞாபகச்சின்னத்தின் பொருளாக்கியது பிற்காலத்து மனோபாவம்.

அம்மனோபாவத்துக்கு மிகச் சிறந்த உதாரணம் அமெரிக்காவின் மெரிவெதர் லூயிஸ் என்பவரின் மரணம். ஜனாதிபதி ஜெபர்ஸனின் அந்தரங்கக் காரியதரிசியாயிருந்து, 1804 முதல் 1806 வரை வில்லியம் கிளார்க்குடன் கூடி மிசூரி ஆற்றின் வழியே மேலேறி, பசிபிக் சமுத்திரத்தைக் கண்டு மீண்ட அவர், பின்னர் லூயிசியானாப் பிரதேசத்தின் தேசாதிபதியாக நியமிக்கப்பெற்றார். காட்டையும் மலையையும் வென்றவரைக் காரியாலயத்துக் கணக்குகள் வென்றுவிட்டன, அவர் அனுப்பிய செலவுச் சீட்டுக்களில் சிலவற்றை ஏற்க வாஷிங்டனிலிருந்த யுத்த இலாகா மறுத்தது, கடன்காரர் நெருங்கினர். நேரிற் சென்று விளக்கமளிக்கும் நோக்கத்தோடு 1809 செப்டெம்பரில் செயின்ட் லூயிஸ் நகரிலிருந்து புறப்பட்டவர், இன்றைய மெம்பிஸ் நகரம் உள்ள இடத்துக் கோட்டையில் நோயுற்றவராய் இறங்கினார். அக்கோட்டையின் தளபதி ரஸ்ஸல், படகிற் பயணஞ் செய்தபோது லூயிஸ் இருமுறை தம்முயிரை மாய்த்துக்கொள்ள முயன்றாரெனப் படகோட்டிகள் கூறியதாகப் பின்னர் எழுதி வைத்தார்.

அங்கிருந்து நாட்செஸ் ட்ரேஸ் என்னும் பழைய காட்டுப்பாதையிலே பயணம் தொடர்ந்தது. உடன்வந்த நீலி என்னும் உத்தியோகஸ்தர் காணாமற்போன இரு குதிரைகளைத் தேடுவதற்குப் பின்தங்கிவிட, லூயிஸ் பணியாளருடன் முன்னே சென்று, ஒக்டோபர் 10 ஆம் திகதி மாலையில் கிரைண்டர் என்பவரின் வழியோரச் சத்திரத்தை அடைந்தார். வீட்டுக்காரர் வெளியூர் சென்றிருந்தார். அவர் மனைவி சமையற்கட்டிற் படுத்தார். பணியாளர் லாயத்திற் படுத்தனர். நள்ளிரவுக்குப் பின் இருமுறை துப்பாக்கி வெடித்தது. தலையிலும் மார்பிலும் காயமுற்ற லூயிஸ், விடிந்து சிறிது நேரத்தில் தம் 35 ஆம் வயதில் உயிர் நீத்தார். அவ்விரவுக்குச் சாட்சி அவ்வம்மையார் ஒருவரே. அவரோ நிகழ்ச்சியை வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு விதமாகச் சொன்னார். தற்கொலை என்று நீலி ஒக்டோபர் 18 இல் ஜெபர்ஸனுக்குக் கடிதம் எழுதினார். ஜெபர்ஸனும் கிளார்க்கும், இறந்தவரை அணுக்கமாய் அறிந்த அவ்விருவரும், அதை ஐயுறவில்லை. மறுவருஷம் அவ்வழியே வந்த பறவையியலறிஞர் அலெக்ஸாண்டர் வில்ஸன், பன்றியும் ஓநாயும் தீண்டாதவாறு கல்லறையைச் சுற்றி வேலியிடச் சத்திரக்காரருக்குப் பணங் கொடுத்துச் சென்றார். என் மதிப்பில், லூயிஸுக்கு அமைந்த முதல் ஞாபகச்சின்னம் அவ்வேலியே.

1848 இல் டென்னஸி மாநிலம், இளமையிலேயே முறிந்த வாழ்வின் குறியாக, உச்சி உடைந்த தூண் ஒன்றை அங்கே நிறுவிற்று. அப்பணிக்கெனக் கல்லறையைத் திறந்து பார்த்த குழுவினர், அவர் கொலைஞன் கையால் மாண்டிருத்தலே அதிகம் பொருந்துமென்று தம் அறிக்கையில் எழுதிவிட்டனர். ஏன் அவ்வாறு கருதினரென்று எழுதவில்லை. அன்று முதல் வழிப்பறிக்காரர், சத்திரக்காரர், அரசியற் பகைவர் எனக் கொலையாளிகள் பெருகினர். மலேரியாக் காய்ச்சலின் சித்தப்பிரமை என்றோரும் மேகநோயின் முற்றல் என்றோரும் மறுபுறம் எழுந்தனர். 1996 இல் அப்பிரதேசத்து மரண விசாரணைச் சபையொன்று சாட்சியங்களைக் கேட்டு, சடலத்தைத் தோண்டிப் பரிசோதிக்க வேண்டுமெனப் பரிந்துரைத்தது. நிலத்துக்குரிய தேசியப் பூங்காச் சேவை இறுதியில் அதற்கு இணங்கவில்லை. இரு குண்டுகள் பாய்ந்த ஒருவன் தன்னைத் தானே சுட்டிருக்க முடியுமோ என்னும் ஒரு கேள்வி, இருநூறு ஆண்டுகளாக நூல்களையும் யாத்திரிகரையும் அவ்விடத்துக்கு ஈர்த்து வருகிறது. ஆதாரங்களை ஒருசேர வைத்துப் பார்க்கையில் தற்கொலை என்பதே எனக்கும் ஏற்புடையதாகத் தோன்றுகிறது. ஆயின் ஒன்று கவனிக்கத்தக்கது. ஐயம் நிலைபெற்றது ஆதாரம் இன்மையால் அன்று, ஆதாரம் மிகுதியால். தளபதியின் குறிப்பு, உத்தியோகஸ்தரின் கடிதம், பறவை நூலோரின் விசாரிப்பு, அம்மையாரின் மாறுபட்ட வாய்மொழிகள், குழுவின் அறிக்கை ஆகிய இத்தனை ஏடுகள் ஒன்றோடொன்று முரண்படுவதாற்றான் மர்மம் பிறந்தது. ஏடே இல்லாத இடத்தில் முரண்பாடு ஏது?

ஆசியாவிலும் இதற்கு இணையுண்டு. குதிரை வாங்கப் புகாரா வரை சென்ற வில்லியம் மூர்க்ராப்ட் என்னும் மிருக வைத்தியர், 1825 ஓகஸ்ட் மாதம் ஆப்கானிஸ்தானத்தின் அந்த்கோய் என்னுமிடத்தில் காய்ச்சலால் இறந்தாரெனக் கிழக்கிந்தியக் கம்பெனிக்குச் செய்தி வந்தது. அவர் துணைவர் டிரெபெக்கும் சில மாதங்களுள் மாண்டார். ஆயின் 1846 இல் லாஸா நகருக்குச் சென்ற ஹூக் என்னும் பிரெஞ்சுப் பாதிரியார், மூர்க்ராப்ட் என்ற பெயருடைய ஓர் ஆங்கிலேயர் பன்னிரண்டு ஆண்டு அந்நகரில் மாறுவேடத்தில் வாழ்ந்து, லடாக்குக்குத் திரும்பும் வழியில் கொல்லப்பட்டாரெனத் தாம் கேட்டதாக எழுதிவிட்டார். ஆங்கிலேயர் ஒருவருக்கு இரண்டு மரணங்கள் கிடைத்தன. அவருடைய மூட்டைகளைச் சுமந்து சென்றவர்களில் எவருக்கும் ஒரு மரணமேனும் பதியப்பட்டதாகத் தெரியவில்லை.

இனி நம் பிரதேசத்துக்கு வருவோம். சப்பிரகமுவையின் வடவெல்லையில், கேகாலை, மாவனெல்லை கடந்து கண்டிச் சாலை மலையேறி முடியும் கடுகண்ணாவைக் கணவாயின் உச்சியில், வெண்ணிறக் கோபுரம் ஒன்று நிற்கிறது. எட்வேர்ட் பார்ன்ஸ் தேசாதிபதியின் காலத்தில் அச்சாலையை வகுத்தமைத்த கப்டன் டோஸன் என்பவருக்குப் பொதுமக்கள் பணந்திரட்டி 1832 இல் எழுப்பிய ஞாபகச்சின்னம் அது. அவர் 1829 மார்ச் 28 இல் கொழும்பிலே இறந்தாரென்று கல்வெட்டுச் சொல்கிறது. எதனால் இறந்தாரென்று சொல்லவில்லை. கல் விட்ட இடைவெளியை நா நிரப்பிற்று. பாம்பு தீண்டி மாண்டாரென்றும், அவர் உடலைக் கோபுரத்தினுள்ளேயே வைத்துக் கட்டினரென்றும், மலையைத் துளைப்பவனுக்கே கண்டி வசப்படுமென்ற பழம் நிமித்தத்தைப் பொய்க்காமற் செய்யவே சாலையைப் பாறையூடே குடைந்து சென்றாரென்றும் அவ்வழியார் சொல்லக் கேட்கலாம். இவற்றுள் முதலிரண்டுக்கும் கல்லில் இடமில்லை. சாலையை வகுத்தவர் டோஸனாயினும், வெட்டியவர்கள் இராஜகாரிய முறையின் கீழ்க் கட்டாய ஊழியத்துக்கு அழைத்துவரப்பட்ட சிங்களக் கிராமவாசிகள் என்பதையும், அம்முறை ஒழிக்கப்பட்டதும் கோபுரம் எழுந்த அதே 1832 ஆம் ஆண்டில் என்பதையும் பக்கத்தில் வைத்துப் படிப்பது நன்று.

பெல்மதுளைக்கு நெருக்கமான வழக்கு வேறொன்று. இச்சந்தியிலிருந்து பலாங்கொடைச் சாலையில் மேலேறிப் பெரகலையை அடைந்து, இடப்புறம் பிரியும் வழியில் சென்றால் அப்புத்தளை. அங்கேயிருந்த வாடிவீட்டில் 1845 யூன் 7 ஆம் திகதி மேஜர் தோமஸ் வில்லியம் ரொஜர்ஸ் மின்னல் தாக்கி மாண்டார். இலங்கை ரைபிள் படையைச் சேர்ந்த அவர், பதுளையில் உதவி அரசாங்க ஏஜண்டாகவும் மாவட்ட நீதிபதியாகவும் உதவி எஞ்சினியராகவும் ஒருங்கே பதவி வகித்து, ஊவாவின் காடுகளூடே பல பாதைகளைத் திறந்தவர். அவற்றினும் மேலாக அவரை நினைவில் நிறுத்தியது யானை வேட்டை. அவர் சுட்டு வீழ்த்திய யானைகள் 1,400 க்கு மேற்பட்டவை என எமர்ஸன் டெனன்ட் தம் நூலில் எழுதுகிறார். 1844 இல் பிரஷ்ய இளவரசருடன் வந்த மருத்துவர் ஹொப்மெய்ஸ்டர், தந்தங்களால் நிறைந்திருந்த அவர் வீட்டைக் கண்டு வியந்து எழுதினார். எழுதியவரும் 1845 டிசம்பரில் பஞ்சாபின் பெரோஸ்ஷா யுத்தத்தில் குண்டுபட்டு இறந்தார். யானையைப் பயிர்களுக்குப் பகையெனக் கருதிய அரசாங்கம், கொன்ற யானைக்கு இவ்வளவு என்று சன்மானம் கொடுத்த காலம் அது என்பதை மறத்தல் கூடாது. ரொஜர்ஸின் கொலைத்தொகை அரசின் நீதியோடு பகைத்ததன்று.

புயல் ஓய்ந்ததா என்று பார்க்க வாடிவீட்டின் விறாந்தையில் இறங்கியவர், ஓய்ந்துவிட்டதென உள்ளே இருந்தவர்களுக்குச் சொல்லித் திரும்பும் வேளையில் இடி விழுந்ததெனக் கதை வழங்குகிறது. நுவரெலியாவில் கோல்ப் மைதானத்தருகே உள்ள பழைய மயானத்தில் அடக்கஞ் செய்யப்பட்டார். அக்கல்லறையின் கல்லும் பிளந்தது; அதையும் மின்னலே பிளந்ததென்றும், ஒரு முறையன்று, பல முறை தாக்கிற்றென்றும் இன்றும் சொல்லுகின்றனர். யானைகளைக் கொன்ற கருமம் இறந்தபின்னும் தொடர்ந்ததென்பது பௌத்த மக்களிடையே வேரூன்றிய நம்பிக்கை. அவர் பெயரால் எழுப்பப்பெற்று 1857 இல் அர்ப்பணிக்கப்பட்ட பதுளைப் புனித மார்க் தேவாலயத்தின் பலகையோ, அவர் வகித்த பதவிகளையும், எல்லா வகுப்பாரும் அவர்பாற் கொண்ட மதிப்பையும், மின்னலால் இறந்ததையும் மட்டும் கூறி, யானைகளைப் பற்றி ஒரு சொல்லும் கூறாது அமைகிறது. ஆலயம் மறைத்ததை மயானம் வெளியிட்டது போலும்.

இக்கதையின் வடிவம் ரொஜர்ஸுக்கு ஐந்நூறு ஆண்டு முந்தியது. 1344 இல் சிவனொளிபாதமலையை ஏறி இறங்கிய மொரோக்கோ நாட்டுப் பிரயாணி இபுன் பதூதா, அம்மலைக்கு வழி கண்டவரெனச் சொல்லப்படும் இபுன் கபீப் என்னும் பெரியாரைப் பற்றிய கர்ணபரம்பரைச் செய்தியொன்றைத் தம் நூலிற் சேர்த்திருக்கிறார். பசியால் வாடிய சீடர், குரு தடுத்தும் கேளாது யானைக்கன்று ஒன்றைக் கொன்று தின்றனர். இரவில் யானைகள் கூட்டமாக வந்து ஒவ்வொருவரையும் முகர்ந்து பார்த்து, தின்றவரையெல்லாம் கொன்று, தின்னாத குருவை ஒரு யானை தன் முதுகிலேற்றி மனிதர் வாழிடத்திற் கொண்டுபோய் விட்டது. இம்மலைநாட்டின் வழியோர மரணங்களுக்குரிய பழைய இலக்கணம் இது. முகர்தல், தேர்தல், தண்டித்தல் என யானை செய்ததை, ரொஜர்ஸின் கதையில் வானம் செய்கிறது. உயர்ந்த மேட்டு நிலத்தில் புயற்காலத்தில் திறந்த விறாந்தையில் நிற்பவனை மின்னல் தாக்குவது இயற்கை விதிக்கு மாறானதன்று. ஆதலின் அவர் மரணத்தில் புலனாய்வுக்குரிய மர்மம் ஏதுமில்லை. மர்மம் இருப்பது, அம்மரணத்துக்கு ஓர் அர்த்தம் வேண்டுமென்று கேட்ட சமுதாயத்திலேயாம். ஜியோகேஷ் வைக்கும் அன்பர் எவரேனும் நுவரெலியாக் கல்லறையருகே ஒரு பெட்டி வைப்பாராயின், மின்னற் கதையை மட்டும் எழுதாது, யானைச் சன்மானக் கணக்கையும் ஒரு தாளில் எழுதி உள்ளே இடக்கடவர்.

இனி, பெட்டி எதுவும் வைக்கப்படாத மரணங்கள். டோஸனும் ரொஜர்ஸும் தோமஸ் ஸ்கின்னரும் திறந்த பாதைகளின் மேல், 1823 இல் ஜோர்ஜ் பேர்ட் கம்பளைக்கு அருகே சின்னப்பிட்டியில் கோப்பித் தோட்டம் தொடங்கிய காலந்தொட்டு, தென்னிந்தியத் தமிழ்த் தொழிலாளர் திரள்திரளாய் நடந்தனர். மன்னார்க் கரையில் இறங்கி, வறண்ட வன்னிக் காட்டினூடே தம்புள்ளை, மாத்தளை எனக் கால்நடையாய் ஏறிய அவ்வழியில், வாந்திபேதியும் அம்மையும் காய்ச்சலும் பசியும் காட்டு விலங்கும் தத்தம் பங்கை எடுத்துக்கொண்டன. கங்காணி முன்னே செல்லக் கூட்டம் பின்னே சென்றது; நடக்கவியலாதவர் மரநிழலிற் கிடத்தப்பட்டனர்; கிடத்தியவர்கள் நிற்கவில்லை. சாலைகளைச் செப்பனிட்ட பயனியர் படையினரும் பெரும்பாலும் தமிழ்நாட்டவரே.

1849 இல் கொழும்பு அப்சர்வர் பத்திரிகை, அதற்கு முந்திய எட்டாண்டளவில் இவ்வாறு வந்தோருள் ஏறத்தாழ 70,000 பேர், அதாவது நான்கில் ஒருவர், மாண்டிருக்க வேண்டுமென மதிப்பிட்டது. இத்தொகையைப் பற்றிச் சரித்திராசிரியரிடையே வாதம் ஓயவில்லை. இறந்தவர்களை எவரும் எண்ணி இத்தொகையைப் பெறவில்லை. வந்தோர் தொகையிலிருந்து திரும்பினோர் தொகையையும், தோட்டங்களில் தங்கியிருந்தோர் தொகையையும் கழித்து, எஞ்சியவரில் பெரும்பகுதி மாண்டதாகக் கொள்ளப்பட்டது. கணக்கில் வராத துறைகளின் வழியே பலர் ஊர் திரும்பியிருக்கலாமே என்பது எதிர்வாதம். நியாயமான ஆட்சேபம்தான், இத்தொகையை வேதவாக்காகக் கொள்வோரோடு நானும் உடன்படேன். ஆயினும் அவ்வாட்சேபத்தின் பொருளைச் சிறிது சிந்திக்க வேண்டும். லூயிஸ் எவ்வாறு இறந்தார் என்று உலகம் கேட்கிறது. இவர்களைப் பற்றியோ, இறந்தார்களா இல்லையா என்பதே கேள்வியாக நிற்கிறது. ஒரு கழித்தற் கணக்கின் மிச்சமாக மட்டும் சரித்திரத்தில் நுழைந்த மனிதர் இவர்கள். மர்ம மரணம் என்பது ஒரு சலுகை. அதைப் பெறுவதற்குப் பெயர் வேண்டும், பெயரை எழுதிய கடிதம் வேண்டும், கடிதத்தை ஐயுறும் பிறிதொரு கடிதம் வேண்டும். தம் கையால் எழுத அறியாதவரும், பிறர் கையால் எழுதப்படாதவரும் வழியோரத்தில் விழுந்தால், அங்கே மர்மமும் இல்லை, தெளிவும் இல்லை.

நீராவிக் கப்பலும் இரயிலும் வந்தபின் நடைவழி மரணங்கள் குறைந்தன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தோட்டத்தின் குறியும் எண்ணும் பொறித்த தகர வில்லையொன்றைத் தொழிலாளரின் கழுத்தில் மாட்டி, இன்ன தோட்டத்துக்குரியவர் எனச் சேர்ப்பிக்கும் முறை வழக்கிற்கு வந்தது. பெயரன்று, விலாசம். சப்பிரகமுவையின் தோட்டங்களிலும் தேயிலை மலைக்கு அப்பால் புதைகாடு என்றோர் ஒதுக்கிடம் உண்டு. மண்மேடுகள் மழையிற் கரைந்து, சில இடங்களில் புதுக்கன்று நடும் பருவத்தில் தேயிலை அவற்றின் மேலும் படர்ந்துவிட்டது. இச்சாலையோரங்கள் பிந்திய காலத்திலும் அமைதி பெறவில்லை; 1977 இலும் 1981 ஓகஸ்டிலும் இரத்தினபுரி மாவட்டத்துத் தோட்டங்களில், காவத்தை, இறக்குவானைப் பகுதிகள் உட்பட, இனக்கலவரத்தில் லயங்கள் எரிந்து மக்கள் இடம்பெயர்ந்தோடிய நாட்களின் நினைவு இன்னும் முதியோரிடம் உண்டு. அந்நாட்களுக்கான கல் எதையும் இச்சாலையில் நான் கண்டதில்லை. தோட்டத்தார் தாமே வைத்த கற்கள் வேறு வகையானவை. சாலை திரும்பும் வளைவுகளில் மரத்தடியிலே சூலமும் சிவந்த துணியுமாய் நிற்கும் முனியாண்டியும் மாடசாமியும், தொழிற்சாலையின் பெருஞ்சக்கரத்தருகே குடிகொண்ட ரோதைமுனியும், அபாயம் உள்ள இடம் எது என்பதை அறிந்தே அமர்த்தப்பட்டவர்கள். வளைவில் இறங்கும் லொறிச் சாரதி சில்லறை எறிந்து கும்பிட்டுச் செல்வதும், எங்கே ஆள் விழுந்தது என்ற அறிவின் எச்சமே.

மலையகத்தார் தம் வழியைத் தாமே நினைவுகூர்ந்த பெருநிகழ்ச்சி ஒன்றும் அண்மையில் உண்டு. இந்நாட்டுக்கு வந்து இருநூறாண்டு நிறைந்ததையொட்டி, 2023 யூலை 28 இல் தலைமன்னாரில் தொடங்கி ஓகஸ்ட் 12 இல் மாத்தளையில் முடிந்த நடைபவனி, முன்னோர் நடந்த பாதையைக் காலாலேயே மீண்டும் அளந்தது. நினைவுச்சின்னமாக உருப்பெற்ற கல்லும் கோபுரமும் எத்தனையோ இருக்க, இந்நடையே இவ்விஷயத்துக்கு மிக இயைந்ததென்பது என் துணிபு. வழியில் மாண்டோர் எந்த மைற்கல்லில் மாண்டார் எனத் தெரியாதபோது, வழி முழுவதையும் நினைவிடமாகக் கொள்வதன்றி வேறு நேர்மையான மார்க்கமில்லை. அட்சரேகையும் தீர்க்கரேகையும் ஒரு புள்ளியைக் குறிக்கும். எழுபதினாயிரம் என்னும் மிச்சத்துக்கு எந்தப் புள்ளி?

அப்படியாயின் பெல்மதுளைச் சாலையில் ஒரு பெட்டி வைத்தல் தகுமா என்று கேட்கலாம். தகும், ஆனால் இவ்வூர் அறிந்து வைக்க வேண்டும். இல்லம் என்னும் மாணிக்கக் கல்மண்ணைத் தேடி நிலத்தை அகழ்வது தொழிலாயுள்ள நாடு இது; அதற்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். புதையல் தேடித் தோண்டுவதோ 1940 ஆம் ஆண்டின் தொல்பொருட் சட்டத்தின் கீழ்க் குற்றம். கையிற் கருவியுடன் சாலையோரப் பற்றையில் குனிந்து தேடும் அந்நியனைக் கண்டால் ஊரார் பொலிசுக்குச் சொல்வார்கள், அதில் தவறுமில்லை. பெட்டியைப் புதைக்கலாகாதென்பது அவ்விளையாட்டின் விதியுமாதலால், அதை மண்ணின் மேல், எவருக்கும் ஐயம் பிறவாத வெளிப்படையான இடத்தில் வைத்தல் வேண்டும். விகாரைக்கோ முனியாண்டியின் மரத்துக்கோ அணுக்கமாக வைக்கலாகாது. நிலம் தோட்டத்தினதாயின் பெரிய துரையிடமும், சாலைக்குரியதாயின் வீதி அபிவிருத்தி அதிகார சபையிடமும் எழுத்தில் இணக்கம் பெறவேண்டும். உள்ளே இடும் தாள் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் இருக்கட்டும். ரொஜர்ஸைப் பற்றி நான்கு வரி போதும், நடந்து வந்தவர்களைப் பற்றி 1849 இன் மதிப்பீட்டையும் அதற்கெதிரான ஆட்சேபத்தையும் இரண்டையுமே எழுத வேண்டும். குறிப்பேட்டின் முதற்பக்கங்களை வருகின்ற பிரயாணிகளுக்கு விடாமல், இத்தோட்டங்களின் முதியோர் தம் குடும்பத்தில் வழியில் இறந்தவராகக் கேள்வியுற்றோரின் பெயர்களைச் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்வதற்கு ஒதுக்க வேண்டும். மழை மிகுதியாய்ப் பெய்யும் பகுதி இது; எத்தனை இறுக மூடினும் பெட்டிக்குள் ஈரம் ஏறும், பென்சிலால் எழுதியதே நிற்கும், மை நில்லாது. ஆதலின் அக்குறிப்பேட்டுக்கு ஒரு பிரதியைத் தோட்டப் பாடசாலையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும்.